ரவுட்டர் அப்டேட்டுக்குப் பிறகு ரிப்பீட்டர் இணையவில்லை: புதிதாகத்தான் வாங்க வேண்டுமா?

ரவுட்டர் இரவில் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது, காலையிலிருந்து ரிப்பீட்டரில் (வைஃபையைத் தூர அறைக்குக் கொண்டுபோகும் பெட்டியில்) சிவப்பு லைட், மூன்று தரம் ரீசெட் செய்தும் சரிவரவில்லை, கடையில் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். பெரும்பாலும் உங்கள் ரிப்பீட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கொழும்பில், எங்கள் வெள்ளவத்தை வீட்டிலும் போன வருடம் இதுவே நடந்தது. ரவுட்டர் ஹோலில், பைபர் கேபிள் வந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. அம்மாவின் அறை பின்பக்கம். நடுவில் மூன்று சுவர், அதில் ஒன்று கொங்கிறீட். ரிப்பீட்டர் இல்லாவிட்டால் அங்கே வட்ஸ்அப்பில் குரல்கூட ஒழுங்காக வராது. டொராண்டோவில் இருக்கும் அக்கா காலையில் வேலைக்குக் கிளம்புமுன், நமக்கு மாலை ஐந்தரை போல, அம்மாவோடு கதைப்பா. ரிப்பீட்டர் நின்ற இரண்டு நாளும் அம்மா ரவுட்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துதான் கதைத்தார். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

நானும் முதலில் ரீசெட்தான் செய்தேன். அதில் பயன் இல்லை, ஏனென்றால் மாறியது ரவுட்டர். அதை எனக்குக் காட்டியது அம்மாவின் பழைய டேப். புதுப் போன்கள் எல்லாம் ரவுட்டரோடு உடனே இணைந்தன. டேப் மட்டும் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப விழுந்தது. பழையவை மட்டும் இணையவில்லை என்றால் பாதுகாப்பு முறையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ரவுட்டர் செட்டிங்குக்குள் போய்ப் பார்த்தேன். வைஃபை பாதுகாப்பு முறை அப்டேட்டுக்கு முன் டபிள்யூபிஏ2 ஆக இருந்தது, இப்போது டபிள்யூபிஏ3 மட்டும் என்று மாறியிருந்தது. டபிள்யூபிஏ2 2004இல் வந்தது, டபிள்யூபிஏ3 2018இல். 2020 யூலைக்குப் பிறகுதான் வைஃபை சான்றிதழ் பெறும் புதுக் கருவிகளுக்கு டபிள்யூபிஏ3 கட்டாயமானது. அதற்கு முன் வாங்கிய ரிப்பீட்டர் என்றால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் அந்த முறை அதற்குத் தெரியாமல் இருக்கலாம். பாஸ்வேர்ட் அடிக்காமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் பட்டனை அமத்தியும் இணைக்க முடியாது, டபிள்யூபிஏ3 மட்டும் என்ற நிலையில் அந்த வசதி நின்றுவிடும்.

நான் செய்தது இதுதான். ரவுட்டரின் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தை மட்டும் டபிள்யூபிஏ2, ஏஈஎஸ் (குறியாக்க முறை) என்று வைத்தேன். வைஃபை இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளைக் காக்கும் பிஎம்எஃப் என்று ஒரு செட்டிங் இருக்கும். அது ‘கட்டாயம்’ என்று இருந்ததை ‘விருப்பம்’ ஆக்கினேன். 5 கிகாஹெர்ட்ஸ் டபிள்யூபிஏ3இலேயே இருக்கிறது, எங்கள் போன்கள் அதில்தான் போகின்றன. இரண்டையும் ஒரே பெயரில் சேர்க்கும் வசதி இருந்தால் அதை நிறுத்தி, 2.4க்குத் தனிப் பெயர் கொடுங்கள். டபிள்யூபிஏ2உம் 3உம் சேர்ந்த கலப்பு முறை போதாதா என்று கேட்கலாம். முதலில் அதைத்தான் முயன்றேன், எங்கள் ரிப்பீட்டர் அதிலும் தடுமாறியது. பழைய ஃபர்ம்வேருக்கு (ரவுட்டரின் உள் மென்பொருளுக்கு) திரும்ப மட்டும் போக வேண்டாம். அப்டேட்டோடு பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன.

2.4 பக்கத்தின் சனலையும் (அலைவரிசைக்குள் இருக்கும் வழி எண்ணையும்) பாருங்கள். ஓட்டோவில் விட்டால் ரவுட்டர் 12 அல்லது 13இல் போய் நிற்கலாம், அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ரிப்பீட்டருக்கு அவை தெரியாது. 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். வெள்ளவத்தை மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் சனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைப்பதுதான் நல்லது. ரிப்பீட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் இணைவது என்றால் 36 முதல் 48 வரையான சனல்கள் பாதுகாப்பானவை. 52இலிருந்து 144 வரை ராடாரோடு பகிரும் சனல்கள், பல மலிவான ரிப்பீட்டர்கள் அங்கே வராது.

அப்புறம் இன்னொரு சிக்கல் வந்தது. லைட் பச்சையாகிவிட்டது, போனும் இணைந்தது, ஆனால் ‘இன்டர்நெட் இல்லை’ என்றது. என் ரீசெட்டில்தான் ரிப்பீட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி எண் கொடுக்கும் வசதி) ஓன் ஆகியிருந்தது. வீட்டுக்குள் முகவரி கொடுக்க ரவுட்டர் இருக்க, ரிப்பீட்டரும் தன்பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. போனில் அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து, கேட்வே எண்ணை (போன் இணையத்துக்குப் போகும் வாசலின் எண்ணை) பாருங்கள். அது ரவுட்டரின் எண்ணாக, உதாரணத்துக்கு 192.168.1.1 ஆக, இருக்க வேண்டும். ரிப்பீட்டரின் எண் இருந்தால் அதில் டிஎச்சிபியை நிறுத்துங்கள், போனை ஒரு தரம் துண்டித்து இணையுங்கள்.

இவ்வளவும் செய்தும் வராவிட்டால், காசு செலவழிக்கும் முன் கடைசியாக ஒரு சோதனை. போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, அதை 2.4இலும் டபிள்யூபிஏ2இலும் வைத்து, ரிப்பீட்டரை அதோடு இணைத்துப் பாருங்கள். இணைந்தால் பிழை இன்னும் ரவுட்டரில் இருக்கிறது, திரும்ப அதன் செட்டிங்கைத் தேடுங்கள். பக்கத்தில் வைத்தும் இணையாவிட்டால் மட்டும் கடைக்குப் போங்கள். அப்போதும் பெட்டியில் டபிள்யூபிஏ3 என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.