இரவில் வெளியேறும் மகனைப் பூட்டி வைக்கலாமா?

உங்கள் 15 வயது மகன் இரவில் சொல்லாமல் வெளியே போகிறான், கேட்டால் கத்துகிறான், அதனால் அவன் அறையை வெளியிலிருந்து பூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பூட்டாதீர்கள். தீப்பிடித்தால் அவனால் தப்பிக்க முடியாது. ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்தால் அது இன்னும் ஆபத்து. வாசல் கதவு திறந்தால் ஒலிக்கும் அலாரம் ஒன்று போதும். அதையும் அவனிடம் சொல்லிவிட்டே மாட்டுங்கள். ரகசியமாக வைத்தால், தெரியவரும் நாளில் மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

அப்புறம், இதை அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "எங்கே மாட்டிக்கொண்டாலும் கூப்பிடு, வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன், அன்றிரவு திட்ட மாட்டேன்." சொன்னபடி நடக்கவும் வேண்டும். பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். திட்டுக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறிவிடுகிறார்கள்.

விதிகள் நிறைய வேண்டாம். யாருடன், எங்கே, எத்தனை மணிக்குள் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். முடி, உடை, அறையின் அலங்கோலம் எல்லாம் போகட்டும்.

வீட்டிலுள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து, மது எல்லாவற்றையும் இன்றே பூட்டி வையுங்கள். அவன் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நண்பர்களையும் ஒதுக்கினால், சாக நினைக்கிறானா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.