எண்ணி முடித்த பிறகும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 19 வயது. ஊர் குடியாத்தம். அப்பா கைலி நெய்கிறார். அம்மா வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றுகிறார். பிளஸ் டூவில் வணிகவியல் படித்துத் தேறினேன். கல்லூரிக்குப் பணம் புரட்ட முடியாததால் படிப்பு தள்ளிப்போயிற்று. அந்த நேரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் குடோனில் அப்ரண்டிஸ் எடுப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். சேர்ந்துவிட்டேன். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய தகரக் கொட்டகை அது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் இங்கிருந்துதான் லோடு போகிறது.

கடைகளுக்கு வேண்டிய சரக்குப் பட்டியல் ஸ்கேனரில் வரும். அதைப் பார்த்து ரேக் ரேக்காகப் போய்ப் பெட்டிகளை எடுக்க வேண்டும். பாலட் என்கிற சரக்குப் பலகையில் அடுக்கி, பிளாஸ்டிக் பிலிம் சுற்றி, லாரி நிற்கும் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தே இருந்தது. எந்தச் சாமான் எந்த வரிசையில் இருக்கிறது என்பது சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிட்டது.

சித்திரை மாதத்தில் ஒரு கடைக்குப் போன லோடில் குளியல் சோப்பு இரண்டு பெட்டி குறைவு என்று தகவல் வந்தது. அந்தப் பாலட்டை அடுக்கியவன் நான். மறுநாள் காலை எல்லோரையும் நிற்க வைத்துப் பேசும்போது சூப்பர்வைசர், “எண்ணத் தெரியாதவனுக்கு எவன் பிளஸ் டூவில் பாஸ் போட்டான்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் அன்பாக இருக்கும் லோடுமேன் அண்ணன்களும் சிரித்தார்கள். பிறகு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். படித்துப் பார்க்க அவகாசம் தரவில்லை. சரியாகத்தான் எண்ணினேன் என்று அன்று உறுதியாக இருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எதை அடுக்கினாலும் சந்தேகம். எண்ணுவேன், பிலிம் சுற்றுவேன். சுற்றி முடித்ததும் ‘ஒன்று குறைகிறதோ’ என்று தோன்றும். பிலிமைக் கிழித்து மறுபடி எண்ணினால் சரியாக இருக்கும். மறுபடி சுற்றுவேன். பிலிம் வீணாகிறது என்று அதற்கும் திட்டு. அதனால் இப்போது பாலட்டை நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டே போகிறேன். உடன் வேலை செய்பவரிடம் “சரியாகத்தானே இருக்கிறது அண்ணா?” என்று கேட்டுக் கேட்டு அவரும் சலித்துவிட்டார்.

மணிக்கு யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று ஒரு பலகையில் எழுதுகிறார்கள். முதலில் வருபவருக்கு மாதக் கடைசியில் கூப்பன். என் பெயர் எப்போதும் அடியில்தான். நேரம் போய்விடும் என்று பாத்ரூம் போவதில்லை, அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. ஸ்டாக் எடுக்கும் நாட்களில் ஷிப்டு முடிந்தும் நிறுத்திவைக்கிறார்கள். மதியத்துக்கு மேல் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது. எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு லீவு கிடைத்தது. ஊரே தெருவில் நிற்கிறது, நான் வீட்டுக்குள் உட்கார்ந்து முந்திய நாள் லோடை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் கம்ப்யூட்டரில் ஸ்டாக் பார்க்கும் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். மூட்டை தூக்குகிறேன் என்று தெரிந்தால் உடைந்துபோவார். எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிறதா? வேலையை விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
குடியாத்தம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

பைத்தியம் இல்லை. பலர் முன்னால் அவமானப்பட்ட ஒருவர், அந்த அவமானம் இன்னொரு முறை வந்துவிடக் கூடாது என்று எடுத்துக்கொள்ளும் முன்ஜாக்கிரதை இது. அளவு மீறியதால் இப்போது அதுவே தொல்லையாகிவிட்டது. உங்களைப் பார்த்து எல்லோரும் சிரித்த அந்தக் காலை நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பழக வந்த பையனிடம் தவறு எங்கே நடந்தது என்று தனியே கூப்பிட்டு விசாரிப்பதுதான் மேற்பார்வை. கூட்டத்தின் முன் நிறுத்திக் கேலி செய்வதால் ஒரு பெட்டியும் திரும்பி வராது. உடன் சிரித்தவர்களை மன்னித்துவிடுங்கள். அடுத்த கேலி தங்கள் மேல் விழாமல் இருக்கச் சிரித்திருப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். “அன்று உறுதியாக இருந்தேன், இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி இதுதான். ஆறப்போட்டால் நினைவு மங்குவது இயல்பு. உங்களுக்கு நடந்திருப்பது அது மட்டும் இல்லை.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனநலக் குறை எதுவும் இல்லாதவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திருகி மூடச் சொன்னார்கள். மூடியாயிற்றா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்கவும் சொன்னார்கள். கடைசியாக எந்தத் திருகுகளைப் பார்த்தீர்கள் என்று கேட்டபோது, அவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்தக் காட்சி மனத்தில் தெளிவாக இல்லை என்றார்கள், தங்கள் பதிலில் தங்களுக்கே நம்பிக்கை இல்லை என்றார்கள். நினைவு கெடவில்லை, நினைவின் மேல் இருந்த நம்பிக்கை கெட்டுப்போயிற்று. ஒரே செயலைப் பலமுறை செய்யும்போது எந்த முறை எதைப் பார்த்தோம் என்பது ஒன்றோடொன்று குழம்பிவிடுகிறது.

நீங்கள் பிலிமைக் கிழிக்கும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது. சந்தேகம் தீரத்தான் எண்ணுகிறீர்கள். எண்ணிக்கை சரியாக இருந்ததும் கொஞ்சம் மூச்சு வருகிறது. அந்த நிம்மதிக்காகவே அடுத்த பாலட்டிலும் மனம் உங்களை எண்ணச் சொல்கிறது. போனில் படம் பார்ப்பதும் இதே வேலைதான். “சரியாகத்தானே இருக்கிறது அண்ணா?” என்பதும் இதே வேலைதான். அந்த அண்ணன் தலையாட்டும்போது உங்களுக்குப் பதிலாக அவர் எண்ணிக்கொடுக்கிறார், அவ்வளவே.

உங்கள் அம்மாவைப் பாருங்கள். 25 பீடியை எண்ணி நூல் சுற்றிக் கட்டிவிட்டால் அந்தக் கட்டு முடிந்தது. கடையில் சிலவற்றைக் கழிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கட்டை அவிழ்ப்பதில்லை. உங்கள் பாலட்டுக்கும் அப்படி ஒரு முடிச்சு வேண்டும்.

பெட்டிகளை மொத்தமாக எண்ணாமல் அடுக்கு அடுக்காக எண்ணுங்கள். ஒரு அடுக்குக்கு 8, ஐந்து அடுக்கு, மேலே 3, ஆக 43 என்று உங்கள் காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள். 100 கிராம் சோப்பும் 125 கிராம் சோப்பும் ஒரே நிறப் பெட்டியில் வரும் இடத்தில் மட்டும் நின்று எடையைப் படியுங்கள். எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பாலட்டில் ஒட்டுங்கள். அதற்குமேல் பிலிம் சுற்றுங்கள். சுற்றியாயிற்று என்றால் அந்தப் பாலட் உங்களுடையது இல்லை. விட்டு நகரும்போது வயிற்றைப் பிசையும். பிசையட்டும். அந்தப் பதற்றம் கொஞ்ச நேரம் உச்சத்தில் நின்று, நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே வடியும். வடிவதை ஒருமுறை உடம்பு கண்டுகொண்டால் அடுத்த முறை அது அவ்வளவு மிரட்டாது. திரும்பிப் போய் எண்ணிவிட்டால் அதைக் காணும் வாய்ப்பே கிடைக்காது.

படங்களை உடனே நிறுத்த முடியாவிட்டால், முதலில் பஸ்ஸில் பார்க்காமல் வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பது என்று தள்ளிப்போடுங்கள். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று தள்ளுங்கள். தள்ளத் தள்ள அதன் பிடி தளரும். அதற்குப் பிறகு படம் எடுப்பதையே விட்டுவிடுங்கள்.

காணாமல் போன அந்த இரண்டு பெட்டிக்கு வருகிறேன். சரக்கு கம்பெனியிலிருந்து வந்து இறங்கும்போதே குறைவாக இருந்திருக்கலாம். ஒரே லாரி இரண்டு மூன்று கடைகளுக்குப் போகும்போது முதல் கடையில் தவறி இறங்கிய பெட்டியை அங்கே ‘அதிகம்’ என்று பதியாமல் விட்டிருக்கலாம். அப்படி விட்டால் கடைசிக் கடையில் அது ‘குறைவு’ என்று முளைக்கும். கடைக்காரப் பையன் அவசரத்தில் தப்பாக எண்ணியிருக்கலாம். நீங்களும் தவறியிருக்கலாம். இத்தனை கைகள் மாறிய சரக்குக்குப் பாலட் சீட்டில் இருந்த ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டது விசாரணை ஆகாது. அதை நீங்களும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதில் மனத்துக்கு வெளியே உள்ள பங்கும் உண்டு. மனநல ஆலோசகர் சட்டம் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். சுற்றியிருப்பது சரியில்லாதபோது மூச்சை இழுத்து விடச் சொல்வது மட்டும் ஆலோசனை ஆகாது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி நீங்கள் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அதனால் சில உரிமைகள் உங்களுக்குக் குறைவு, சில பாதுகாப்புகள் கூடுதல். எடுத்த எண்ணிக்கையை வைத்து உங்களுக்கு உதவித்தொகை தரக் கூடாது. உற்பத்தி போனஸ், ஊக்கத்தொகைத் திட்டம் எதிலும் கலந்துகொள்ளும்படி உங்களைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. கூப்பனுக்காக ஓடும் அந்தப் பலகையில் உங்கள் பெயர் ஏன் இருக்க வேண்டும் என்று நீங்கள் மரியாதையாகக் கேட்கலாம். தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கூடுதல் நேரம் வேலை வாங்கவும் கூடாது. ஸ்டாக் எடுக்கும் இரவுகளுக்கும் இது பொருந்தும். பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனம். 2019இல் திருத்திய விதிகளின்படி உதவித்தொகையின் குறைந்த அளவு படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை என்று வைக்கப்பட்டது. அப்போது பிளஸ் டூவுக்கு 7,000.

இவையெல்லாம் உங்கள் ஒப்பந்தம் முறையாகப் பதிவாகியிருந்தால்தான். பதிவே இல்லாமல் பெயருக்கு அப்ரண்டிஸ் என்று வைத்திருந்தால் கதை வேறு. அப்போது குறைந்தபட்சக் கூலி ஏன் இல்லை என்ற கேள்வி வரும். ஒப்பந்த நகலை மனிதவளப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். சூப்பர்வைசரிடம் சட்டம் பேசிச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அவரிடம் போகவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கோபமாகவே சொல்கிறேன். வேலூர் வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், பெட்டி தூக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருந்தால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். உங்கள் படபடப்பில் எவ்வளவு மனத்தால், எவ்வளவு வறட்சியால் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது. நாளையிலிருந்து ஒரு பாட்டிலைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், பாத்ரூமுக்குப் போங்கள். அதன் பிறகும் கண் இருட்டினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து காலும் கையும் ஓய்ந்துபோகிற மனிதர் அவர். உடம்பால் உழைப்பதை இழிவாக நினைப்பார் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். துணியில் பழுது என்று கூலியில் பிடிப்பதைப் பார்க்காத நெசவாளி உண்டா? எண்ணிக்கை குறைந்து திட்டு வாங்கிய கதையை உங்கள் வீட்டில் யாரும் விளங்காமல் கேட்கப் போவதில்லை. வேலை இன்னதுதான் என்று சொல்லிவிடுங்கள். மறைத்துவைக்க ஒன்று குறையும்.

வேலையை விடுவதை இப்போது தீர்மானிக்க வேண்டாம். இந்தப் பதற்றத்தோடு விட்டால், அடுத்து ஒரு மருந்துக் கடையிலோ செருப்புக் கம்பெனியிலோ நிற்கும்போது அங்கேயும் எண்ணிக்கொண்டு நிற்பீர்கள். முதலில் எண்ணுவது குறையட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவெடுங்கள். இங்கே உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்களா? சரக்கு வாங்கி இறக்கும் பிரிவு, கணினியில் ஸ்டாக் சரிபார்ப்பு, எக்ஸ்பயரி தேதி பார்த்து முந்தியதை முந்தி அனுப்பும் முறை, லாரிக்கு லோடு பிரிப்பது எல்லாம் பழகக் கிடைத்தால் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்குவது வணிகவியல் படித்த உங்களுக்குப் பயன்படும். எத்தனை மாதமானாலும் பெட்டி தூக்குவது மட்டும்தான் என்றால் அது பயிற்சியில் சேராது. தாராளமாக வேறு இடம் பாருங்கள். கல்லூரி ஆசை இருந்தால் அதையும் மூட்டை கட்டி வைக்க வேண்டாம். தொலைநிலைக் கல்வியில் பி.காம். படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் சொன்னபடி செய்தும் சில வாரங்களில் குறையவில்லை என்றாலோ, எண்ணுவதிலும் நினைத்து மருகுவதிலும் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றாலோ, கடிதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்றே நன்றாகப் பலன் தரும் சிகிச்சை முறைகள் இருக்கின்றன. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு எப்போதாவது தலைகாட்டினால் காத்திருக்காமல் அன்றைக்கே அழையுங்கள்.

படிக்க விடாமல் கையெழுத்து வாங்கிய அந்தத் தாளின் நகலையும் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கேளுங்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.