வாசகர் கேள்வி: கடைசி நிறுத்தம்வரை செல்லத்தக்க ஒரு சிறு தடம்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் மொரிசியஸ் பேருந்துத் தடங்களைப் பற்றிக் குறிப்பெழுதி வருகிறேன். போர்ட் லூயிசிலிருந்து புறப்படும் சிறு தடங்களுள், அதிகம் பேசப்படாத, ஆயினும் கடைசி நிறுத்தம்வரை சென்று பார்க்கத்தக்க தடம் எது?
– ஒரு வாசகர், கியூர்பிப்

பதில்: ஐயா, என் தேர்வு போர்ட் லூயிசின் இமிகிரேஷன் ஸ்குவேர் பேருந்து நிலையத்திலிருந்து சேன்ட் க்ருவா என்னும் புறநகர்ப் பக்கம் செல்லும் தடமே. பேருந்தின் முகப்பில் 'சித்தே லா கியூர்' அல்லது 'பேர் லவால்' (அருட்தந்தை லவால்) என்று எழுதியிருக்கும். தாங்கள் மெட்ரோவில் விக்டோரியா நிலையம் வந்து, மத்திய சந்தை வழியாக நடந்தே இமிகிரேஷன் ஸ்குவேரை அடையலாம். மெட்ரோ தென்திசை நகரங்களுக்கே செல்வதால், நகரின் இந்த வடகிழக்குப் பகுதி இன்றும் பேருந்தையே நம்பியிருக்கிறது.

தூரம் மிகக் குறைவு; ஆனால் இவ்வளவு சிறிய தூரத்தில் நம் வரலாறு இத்தனை அடர்த்தியாக அமைந்த வேறொரு தடத்தை நான் அறியேன். புறப்படும் இடத்திற்கு அருகிலேயே, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் உள்ளது. 1834 முதல் ஏறத்தாழ நான்கரை இலட்சம் ஒப்பந்தக் கூலிகள் இத்தீவுக்கு வந்தனர். 1849இல் இங்கு முகாம் அமைந்தபின் வந்தவர்கள் ஏறிய கற்படிகளை இன்றும் காணலாம். யுனெஸ்கோ 2006இல் இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பேருந்தில் ஏறுமுன் அங்கே சிறிது நேரம் நின்று வருமாறு வேண்டுகிறேன்.

அந்தப் படிகளில் ஏறிய தமிழர்களின் வழிவந்தோர் இன்றும் பக்தியுடன் கூடுகின்ற, 'கைலாசோன்' என்று ஊரார் அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் திருக்கோயில் சேன்ட் க்ருவா புறநகர்ப் பகுதியில்தான் இருக்கிறது. நடத்துநரிடம் கோயிலின் பெயரைச் சொன்னால், எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று கூறுவார். தைப்பூசக் காவடி நாளில் கூட்டம் மிகுதி. கோயிலை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

பேர் லவாலின் கல்லறை சேன்ட் க்ருவா தேவாலயத்தை ஒட்டி உள்ளது. பிரான்சில் மருத்துவராக இருந்து குருவானவர் ஆன அவர், 1841இல் இங்கு வந்து, விடுதலை பெற்ற அடிமைகளிடையே பணியாற்றி, 1864 செப்டம்பர் 9 அன்று மறைந்தார். அவரது நினைவு நாளையொட்டி இந்துக்களும் இஸ்லாமியரும் உட்பட எல்லா மதத்தவரும் இரவு முழுவதும் நடந்தே வருகின்றனர். பழைய தேவாலயத்தை 1960இல் கரோல் புயல் அழித்தது. இப்போதுள்ளது 1964இல் எழுந்தது. அதே புயல் ஆயிரக்கணக்கானோரை வீடிழக்கச் செய்ததால்தான் நாடெங்கும் 'சித்தே' எனப்படும் குடியிருப்புகள் பெருகின. பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குச் செல்வோருமே இத்தகைய தடங்களின் அன்றாடப் பயணிகள்.

முற்பகலில் செல்லுங்கள், மாலைக்குப் பின் பேருந்துகள் குறைந்துவிடும். 2005 முதல் முதியோருக்குக் கட்டணமில்லை என்பதால், உரிய அட்டையை மட்டும் கையில் வைத்திருங்கள்.