இதழியல், அனைத்துலக உறவு, இணையக் காணொளி: மூன்றையும் சேர்த்து சிங்கப்பூரில் பிஎச்டி செய்ய முடியுமா?

எம்.ஏ. இதழியல் முடித்து, சென்னையில் ஒரு செய்திச் சேனலில் வீடியோ எடிட்டராக இருப்பதாகவும், உலக அரசியலில் ஈடுபாடு உண்டென்றும், இவை எல்லாவற்றையும் இணைத்து ஆய்வு செய்ய இங்கே எந்தத் துறையில் சேர்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் ஓர் ஊடக ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முடியும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே வீ கிம் வீ தொடர்பு, தகவல் கல்விக்கழகமும் எஸ். ராஜரத்னம் அனைத்துலக ஆய்வுக் கல்விக்கழகமும் இருக்கின்றன. பெயர்களையே பாருங்களேன். வீ கிம் வீ, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் இருந்தபோது 1966இல் இந்தோனேசியத் தளபதி சுகார்த்தோவைப் பேட்டி கண்டவர். இந்தோனேசியாவுடனான மோதல் முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. பிறகு மலேசியாவுக்கான தூதர், கடைசியில் சிங்கப்பூரின் அதிபர். ராஜரத்னம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். பத்திரிகைக்காரராக இருந்து அரசியலுக்கு வந்து, 1965இல் முதல் வெளியுறவு அமைச்சரானார். செய்தி அறையிலிருந்து வெளியுறவுக்குப் போவது இந்த ஊருக்குப் புதிதே இல்லை. காணொளித் தொழில்நுட்பத்துக்கு மட்டும் கணினித் துறையிலிருந்து இன்னொரு ஆய்வு நெறியாளரைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் சேர்வது ஒரு துறையில்தான். ஆய்வேட்டைத் திருத்துபவர்கள் அவரவர் துறைப் பக்கமிருந்துதான் கேள்வி கேட்பார்கள். மூன்றிலும் அரைகுறையாக நிற்பவருக்கு அப்போது கஷ்டகாலம். இதழியலில் சேருங்கள், கேள்வியை அனைத்துலக உறவிலிருந்து எடுங்கள். உங்கள் கைச்சரக்கு காணொளி. மற்றவர்களிடம் இல்லாததும் அதுதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய இலங்கைக் காணொளி நினைவிருக்கும். கைகள் கட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொல்லும் காட்சி. போலி என்றது இலங்கை அரசு. ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் தடயவியல் மருத்துவம், துப்பாக்கி, காணொளி மூன்றிலும் வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டார். உண்மையான காணொளி என்றே சான்றுகள் வலுவாகக் காட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். விளங்காத சிலவற்றையும் அவர் மறைக்கவில்லை: சுடப்பட்டவர்கள் சிலரின் அசைவு, கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 17 ஃபிரேம்கள், கோப்புக்குள் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் முடிந்ததோ மே மாதம். ஒரு கோப்பின் உள்ளே கிடந்த தேதி, ஓர் அரசுக்கும் ஐநாவுக்கும் இடையே வாதப் பொருளாகிவிட்டது. எடிட்டருக்கு உடனே தோன்றும்: அது படம்பிடித்த தேதியா, வேறு வடிவத்துக்கு மாற்றிய தேதியா, இல்லை கேமராவின் கடிகாரமே தப்பா? அரசியல் மட்டும் படித்தவருக்கு இது லேசில் தோன்றாது.

இன்னொன்று. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு ‘சிஎன்என் விளைவு’ என்று ஓர் ஆய்வுப் போக்கே கிளம்பியது: தொலைக்காட்சியில் ஓடும் காட்சிகள் ஓர் அரசின் வெளியுறவு முடிவை மாற்றுகின்றனவா என்று. அன்று எல்லார் வீட்டிலும் ஓடியது ஒரே படம். இன்று அப்படியில்லை. இணையத்தில் காணொளி அனுப்பும் முறைகளில் ஆப்பிளின் எச்எல்எஸ் 2009இல் வந்தது, எம்பெக்-டேஷ் 2012இல் தரநிலையானது. இவற்றில் காணொளியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்திருப்பார்கள். இணைய வேகத்தையும் பஃபரில் (முன்கூட்டியே இறக்கி வைத்த பகுதியில்) உள்ள இருப்பையும் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் வாங்குவது என்று பிளேயரே முடிவு செய்யும். ஜூரோங் வீட்டு ஃபைபரில் தெளிவாகத் தெரியும் வண்டி நம்பர், சிக்னல் தள்ளாடும் இடத்தில் வெறும் கறையாக வரலாம். யூடியூப் மறுபடி என்கோட் செய்வதையும் வாட்ஸ்அப் பிழிந்தெடுப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ‘இந்தக் காணொளியை ஆராய்ந்தேன்’ என்று எழுதினால், எந்தப் பிரதியை என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

எங்கள் எக்செல் தாளில் ஒவ்வொரு காணொளிக்கும் ஒரு வரிசை உண்டு: சுட்டி, இறக்கிய நேரம் (யூடிசி என்ற உலகப் பொது நேரமா, சிங்கப்பூர் நேரமா என்பதோடு), ரெசல்யூஷன், கோடெக் (காணொளியைச் சுருக்கிய முறை), ஹாஷ் (கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்). இந்த ஹாஷ் விஷயத்தில்தான் புதிதாக வருபவர்கள் குழம்புகிறார்கள். இறக்கிய பிறகு கோப்பு மாறவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அதற்கு முன் யார் என்ன வெட்டினார்கள் என்று அது சொல்லாது. ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லியில் உள்ள மனித உரிமை மையமும் 2020இல் வெளியிட்ட ‘பெர்க்லி நெறிமுறை’, இணையத்தில் கிடைப்பவற்றைச் சான்றாகச் சேகரித்துச் சரிபார்ப்பதற்கான வழிகாட்டி, இலவசமாகவே கிடைக்கிறது, முதலில் அதைப் படியுங்கள். அப்புறம், பார்த்ததும் இறக்கிவிடுங்கள். 2017இல் யூடியூபின் தானியங்கி முறை சிரியப் போர்க் காணொளிகளை ஆயிரக்கணக்கில் தூக்கியது.

சிங்கப்பூர் சம்பந்தப்பட்ட பொருள்தான் வேண்டுமென்றால், 2018 ஜூன் 12 அன்று டிரம்பும் வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னும் நடத்திய செந்தோசா சந்திப்பு இருக்கிறது. டிரம்ப் செய்தியாளர்களிடம் பேச வருவதற்கு முன் ஒரு காணொளி ஓடியது, முதலில் கொரிய மொழியில். வடகொரியா தயாரித்ததோ என்று சில செய்தியாளர்களே திகைத்தார்கள்; தயாரித்தது வெள்ளை மாளிகைத் தரப்பு. அந்த முதல் ஒரு மணி நேரத்தில் எந்த ஊடகம் அதை யாருடையது என்று சொன்னது, பிறகு எப்படித் திருத்தியது என்று மட்டும் எடுத்தாலே ஓர் அத்தியாயம் தேறும்.

தரவு கிடைப்பது முன்னைவிடக் கஷ்டம். ஃபேஸ்புக்கை ஆராய்பவர்கள் நம்பியிருந்த, பொதுப் பதிவுகளைத் தேடித் தரும் கருவியான கிரவுட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. ஆகவே ஒரு தளத்தையே நம்பித் திட்டம் போடாதீர்கள். மனிதர்களைப் பேட்டி எடுப்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில்தான்.

நெறியாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் ‘உலக அரசியலில் ஆர்வம் உண்டு’ என்பதை எடுத்துவிடுங்கள். வருகிற எல்லாக் கடிதத்திலும் அது இருக்கிறது. நீங்கள் வேலை செய்த ஒரு செய்திக் காணொளியை எடுத்து, அது உங்கள் கைக்கு வந்தபோது எப்படி இருந்தது, ஒளிபரப்பானபோது என்ன ஆகியிருந்தது என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள்.