ஊதா ஏன் பழுப்பானது?

கேள்வி: ‘ஒத்தது ஒத்ததில் கரையும்’ என்று எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். அயோடின் முனைவற்றது (மூலக்கூறில் பிளஸ், மைனஸ் முனைகள் இல்லாதது), தண்ணீர் முனைவுள்ளது, அதனால் கரையாது. சரி. எத்தனாலும் முனைவுள்ளதுதானே? அதில் மட்டும் எப்படிக் கரைந்து, காயத்துக்குப் போடும் டிங்சர் ஆகிறது? ஹெக்சேன் என்ற முனைவற்ற திரவத்தில் ஊதாவாக இருப்பது எத்தனாலில் ஏன் பழுப்பாகிறது?
– ஒரு பிளஸ் டூ மாணவி, திண்டிவனம்

பதில்: நான் பள்ளி ஆய்வகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் திணறியிருப்பேன். விதியை மனப்பாடம் செய்துவிட்டு மார்க் வாங்கியவன்தான் நானும்.

முதலில் கணக்கைப் பார். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 0.3 கிராம் அயோடின்தான் கரையும். ஒரு கிலோ ஹெக்சேனில் சுமார் 13 கிராம் கரையும். ஒரு கிலோ எத்தனாலில் சுமார் 270 கிராம்! விதிப்படி ஹெக்சேன் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்?

‘தண்ணீருக்கு அயோடின் பிடிக்காது’ என்று வகுப்பில் சொல்வோம். உண்மையில் தண்ணீருக்குத் தன்னைத்தான் ரொம்பப் பிடிக்கும். ஹைட்ரஜன் பிணைப்பால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. பருமனான அயோடின் மூலக்கூறு உள்ளே வர, அந்தப் பிடிகளை விட்டு இடம் ஒதுக்க வேண்டும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்கு அயோடின் திருப்பித் தருவதில்லை. ஹெக்சேனில் அப்படி இறுக்கமான பிடி கிடையாது, அதனால் எளிதாக உள்ளே போய்விடலாம். ஆனால் அயோடினின் எலக்ட்ரான் மேகம் பெரியது, சுலபமாக நெளியக்கூடியது. அதனால் படிகத்துக்குள் அயோடினும் அயோடினும் ஒட்டிக்கொள்ளும் பலம் அதிகம். அதை உடைத்து வெளியே இழுக்க ஹெக்சேனுக்குத் தெம்பு போதாது. 13 கிராமோடு நிற்பது அதனால்தான்.

எத்தனாலில் நடப்பது வேறு. அதன் ஆக்சிஜனில் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை அயோடின் பக்கம் லேசாக நீட்டுகிறது. அயோடினும் எலக்ட்ரானுக்கு ஆசைப்படும் ஜாதி. இரண்டும் தளர்வாகக் கைகோத்துக்கொள்கின்றன. ஆக, கரைவதற்குக் காரணம் முனைவுத்தன்மை மட்டுமல்ல, இந்தக் கொடுக்கல் வாங்கலும்தான். தண்ணீரிலும் ஆக்சிஜன் இருக்கிறதே என்று நீ கேட்பாய். இருக்கிறது. கரைகிற கொஞ்ச அயோடினும் தண்ணீரில் மஞ்சள் கலந்த பழுப்பாகத்தான் தெரியும். ஆனால் இடம் ஒதுக்கும் செலவு அங்கே மிக அதிகம். எத்தனாலுக்குக் கார்பன் வால் ஒன்று இருப்பதால் பின்னல் அத்தனை இறுக்கமில்லை.

நிறத்துக்கும் இதுதான் பதில். ஹெக்சேனில் அயோடின் தனியாக இருக்கிறது. சூடுபடுத்தினால் எழும் ஆவியின் அதே ஊதா. 520 நானோமீட்டர் பக்கத்துப் பச்சை ஒளியை விழுங்குவதால் வரும் நிறம் அது. கைகோத்த பிறகு அந்த விழுங்கல் நீலப் பக்கம் நகர்ந்துவிடும், கரைசல் பழுப்பாகிவிடும். பென்சீன் இன்னும் வேடிக்கை. அது முனைவற்றது, ஆனால் கரைசல் சிவப்பு! அதன் வளையத்து எலக்ட்ரான்களும் அயோடினுக்குக் கை நீட்டுகின்றன. பெனெசி, ஹில்டிபிராண்ட் என்ற இருவர் 1949-இல் இதைத்தான் அளந்து காட்டினார்கள். எனவே அயோடின் கரைசலில் ஊதாவைப் பார்த்தால் ‘யாரோடும் சேராத அயோடின்’, பழுப்பைப் பார்த்தால் ‘துணையோடு இருக்கும் அயோடின்’ என்று படித்துக்கொள்ளலாம்.

எங்கள் காலத்தில் அயோடைடு (அயோடினின் மின்சுமையுள்ள வடிவம்) இருக்கிறதா என்ற சோதனைக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு ஊற்றிக் குலுக்குவோம். அடியில் ஊதா அடுக்கு இறங்கும், பார்க்க அத்தனை அழகு. ஈரலுக்கும் ஓசோனுக்கும் ஆகாது என்று அதை விட்டுவிட்டோம், நல்லதுதான்.

கடைசியாக, நான் பட்ட ஒரு அசடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அயோடின் கரைசல் தயாரிக்கச் சொன்னார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் படிகங்களைப் போட்டு, காலை மணி அடித்ததிலிருந்து மதியம் வரை கண்ணாடிக்கோலால் கலக்கிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் லேசாக மஞ்சளானதோடு சரி. ஆய்வக உதவியாளர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பொட்டாசியம் அயோடைடை உள்ளங்கையளவு தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தார், புதிதாக எடுத்த படிகங்களை அதில் போட்டார், கொஞ்ச நேரத்தில் எல்லாம் காணாமல்போயின. அப்புறம்தான் குடுவையின் கோடுவரை தண்ணீர் ஊற்றினார். அயோடினும் அயோடைடும் சேர்ந்து மூன்று அணுக்கள் கொண்ட, மின்சுமையுள்ள அயனியாகிவிடுகின்றன. மின்சுமை இருந்தால் தண்ணீர் வாரி அணைத்துக்கொள்ளும். 1829-இல் லூகோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் தயாரித்த கரைசலும் இதே வழிதான்.

என் விரல் நுனிப் பழுப்பு போக மூன்று நாள் ஆனது.