சும்மா நின்ற பிள்ளை

கடிதம்:

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரச பாடசாலையில் படிப்பிக்கிறேன். தரம் 9 மாணவி ஒருத்தி காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடுவதில்லை, திருநீறும் பூசமாட்டாள். வீட்டார் அண்மையில் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர்கள். உதவி கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்று ஊரில் கதை. அவளைப் பாடவைக்கச் சொல்கிறார் அதிபர். சட்டம் என்ன சொல்கிறது? ஊரோடு ஒத்துப்போவதும் பண்புதானே?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கும் சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பள்ளிச் சீருடை போட்டவர்களுக்கு விலக்கு என்று அதில் எழுதவில்லை. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி நீக்கியது. 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. சபை ஆள் சேர்ப்பது பெரியவர்களின் வழக்கு. அதைப் பிள்ளையின் நெற்றியில் தீர்க்காதீர்கள்.

ஆனால் 'ஒத்துப்போவது' என்று எழுதினீர்களே, அதுதான் கோபமூட்டியது. 2024 சிவராத்திரியன்று வவுனியா வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலில் வழிபட்ட எட்டுப் பேரைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனபோது, ஒத்துப்போங்கள் என்றா சொன்னோம்?

நான் இன்றும் தேவாரம் பாடுகிறவன். 1997இல் மல்லாவியில், இடம்பெயர்ந்து வந்த பள்ளிக்கூடம், ஓலைக் கொட்டில். நான் மாணவத் தலைவன். வாணிவிழாவுக்குச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டு அவல் குழைத்திருந்தார்கள். கொப்பி ஒற்றையைக் கிழித்து நீட்டி எல்லோரும் வாங்கினோம். ஒருத்தி மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். படைத்ததை உண்ணமாட்டாளாம். காலையில் வெறும் தேநீர் குடித்துவிட்டு வந்தவள். ஓடிப்போய் ஆசிரியரிடம் சொன்னவன் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. சரஸ்வதிக்கு முன்னால் பிரம்பு எடுத்து அடித்தார். பிறகு அந்தக் கையிலேயே அவலை வைத்தார். தடித்துப்போன கையை மூட முடியாமல், மணி அடிக்கும்வரை அப்படியே ஏந்திக்கொண்டு நின்றாள். விரலில் எறும்பு ஏறியது. பிறகு என்னிடம் வந்து, "நீ சாப்பிடு, வீணாய்ப் போகும்" என்றாள்.

சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

உங்கள் மாணவி தன்பாட்டில் நிற்கட்டும். அவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. திருநீற்றுத் தட்டோடு வரிசையில் வருகிற பிள்ளை, அவளைக் கடந்ததும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அப்போது நீங்கள் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருங்கள்.