தொழில்சார் கூட்டங்களுக்கு நேரில் போவதால் உண்மையிலேயே பயன் உண்டா?

நுவரெலியா, கண்டி என்று கருத்தரங்குகளுக்குப் போகிறேன், யாரோடும் பேசாமலே திரும்பி வருகிறேன், இனிப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் தோட்டத்தில் பிறந்து, படித்து, வேலைக்கு வந்தவர் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

போங்கள். ஆனால் நான் முதல் தடவை போன மாதிரிப் போகாதீர்கள்.

நான் நுவரெலியா மாவட்டத்து லிந்துலைப் பக்கம். ஒரு ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், உதவி டீமேக்கராக (தேயிலை தயாரிப்பைக் கவனிப்பவர்) இருந்தபோது, தேயிலைத் தரம் பற்றி நுவரெலியாவில் ஒருநாள் கருத்தரங்கு நடந்தது. சுயவிபரக்கோவையைப் பதினைந்து பிரதி எடுத்துக்கொண்டு போய், கோட் போட்ட எல்லாரிடமும் நீட்டினேன். சிரித்தபடி வாங்கிக்கொண்டார்கள். மாலையில் பார்த்தால் ஐந்தாறு பிரதி கதிரைகளிலேயே கிடந்தது. ஒன்றின் மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம், சரியாக என் பெயர் மேல். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் தோட்டத்தை மறைத்து "கண்டி" என்று சொன்னதும் அன்றுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசுகிறது.

அடுத்த வருடமும் போனேன். கூட்டம் முடிந்த பிறகு ஆட்கள் நின்று பேசுவார்களே, அதுதான் பழகும் நேரம். நமக்கோ ஐந்தரைக்குக் கடைசி பஸ். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஹோட்டலில் தங்குவார்கள், நம்மால் முடியாது. அதனால் காலை ஏழரைக்கே போய்விட்டேன். அன்று பேச வந்திருந்த ஓய்வுபெற்ற தொழிற்சாலை அதிகாரி ஒருவர் தனியாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

வேலை கேட்கவில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரு விஷயத்தைக் கேட்டேன். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். வாட்டலில், அதாவது கொழுந்தை நீளத் தொட்டியில் பரப்பிக் காற்று விடும்போது, அதைச் சரியான அளவுக்கு இறக்க வேண்டும். தென்மேற்கு மழைக் காலத்தில் எங்கள் பக்கம் காற்றே ஈரம். தொட்டியில் ஒரு பக்கம் வாடிவிடும், மறுபக்கம் பச்சையாகவே கிடக்கும்.

"சேர், மழை நாளில் கொழுந்தை எவ்வளவு கனத்துக்குப் பரப்புவீங்க?"

கோப்பையை வைத்துவிட்டு, மேசைமேல் உள்ளங்கையைத் தாழ்த்தி உயரம் காட்டினார். "மெல்லிசாப் போடு தம்பி. ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காத்துல எவ்வளவு ஈரம்னு காட்டும், அதைப் பார்த்துச் சூடு குடு, கடிகாரத்தைப் பார்த்து இல்ல." அப்புறம், "எந்தத் தோட்டம்?" என்றார். இந்தத் தடவை தோட்டம், டிவிசன் இரண்டையும் சொன்னேன். அவர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது எங்கள் பக்கத்துத் தோட்டத்திலாம். பிறகு அவரே என்னைக் கூட்டிப்போய் இரண்டு பேரிடம் அறிமுகம் செய்துவைத்தார்.

மூன்று வாரம் கழித்துப் போன் எடுத்தேன். "நீங்க சொன்ன மாதிரி செஞ்சோம் சேர், வாட்டல் சமமா வருது." அவ்வளவுதான் பேச்சு. ஆலோசனை கேட்கப் பலர் வருவார்கள், அது என்ன ஆனது என்று திரும்பிச் சொல்கிறவர்கள் குறைவு. எட்டு மாதம் கழித்து, இன்னொரு ஸ்டோரில் இடம் காலியாக இருக்கிறது என்று அவராகவே அழைத்துச் சொன்னார்.

இதைக் காக்கா பிடிப்பது என்று யாராவது கீழே எழுதக்கூடும். அவர் தந்தது ஒரு செய்தி மட்டுமே. நேர்முகத்தில் உட்கார்ந்து பதில் சொன்னவன் நான். கொழும்பில் மாமா, சித்தப்பா உத்தியோகத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. நாம் அதைத் தேடித்தான் போக வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும். எனக்கு முதன்முதலில் வந்த நேர்முகக் கடிதம் கைக்குக் கிடைத்தபோது, நேர்முகம் முடிந்து நான்கு நாள். உறையும் பிரிந்திருந்தது. அம்மா அதை இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஸ்டோரில் கட்டும் தேயிலை மூடைக்குத் தோட்டப் பெயரும் இலக்கமும் போட்டு ஏலத்துக்கு அனுப்புகிறோம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் இலங்கையில் முதன்முதலாக வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்டு 150 வருடம் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டுக் கதவில் இன்னும் ஓர் இலக்கம் இல்லை.

சரி, நீங்கள் அடுத்து எந்தக் கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். நுவரெலியா என்றால் ஏழரைக்கு வாசலில் நானும் நிற்பேன்.